ஊர்கூடிப் போடும் பாதை: வாசகர் கேள்வி – பதில்

எங்கள் ஊரைச் சுற்றி நடந்துபோகிற தூரத்தில் ஐந்து பழைய கோயில்கள் இருக்கின்றன. ஐந்தையும் கோத்து ஒரு நடைப்பயண வழி ஏற்படுத்த இளைஞர்கள் சிலர் கிளம்பியிருக்கிறோம். எங்கிருந்து தொடங்குவது?
– பட்டுக்கோட்டை வட்டார வாசகர்

கோயில்களை எண்ணி முடித்துவிட்டீர்கள். இனி ஊர்களை எண்ணுங்கள். எந்த ஊர்க் கைக்கு என்ன வேலை தெரியும் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பாதை அங்கேதான் தொடங்குகிறது.

இதை நான் திருவையாற்றில் கற்றுக்கொண்டேன். அங்கே சித்திரை விசாகத்தில் நடக்கிற சப்தஸ்தானத்தை ஊர்க்காரர்கள் ஏழூர்த் திருவிழா என்பார்கள். அதன் கதை ஒரு கல்யாணக் கதை. பங்குனிப் புனர்பூசத்தில் திருமழபாடியில் நந்திதேவருக்கும் சுயசாம்பிகைக்கும் திருமணம். வீட்டில் விசேஷம் என்றால் அக்கம்பக்கம் சும்மா இருக்குமா? திருப்பழனம் பழம் கொடுத்தது. திருச்சோற்றுத்துறை சோறு போட்டது. திருவேதிகுடியிலிருந்து வேதியர்கள் வந்தார்கள். திருக்கண்டியூர் அணிகலன் தந்தது, திருப்பூந்துருத்தி பூவுக்குப் பொறுப்பேற்றது, திருநெய்த்தானம் நெய் அனுப்பியது. இந்தத் திருநெய்த்தானத்தைத்தான் இன்று தில்லைஸ்தானம் என்கிறோம். கல்யாணம் முடிந்து அடுத்த மாதம் திருவையாற்றுச் சிவன் ஐயாறப்பர் கண்ணாடிப் பல்லக்கிலும், புதுமணத் தம்பதி வெட்டிவேர்ப் பல்லக்கிலும் கிளம்பி, கொடுத்த ஊர்களுக்கெல்லாம் நன்றி சொல்லப் போகிறார்கள். ஒவ்வோர் ஊரிலும் அந்த ஊர்ப் பல்லக்கு எதிர்கொண்டு வந்து சேர்ந்துகொள்கிறது. மறுநாள் திருவையாற்றுக்குத் திரும்பும்போது ஏழூர்ப் பல்லக்குகளும் ஒன்றாக வரும்.

ஒவ்வோர் ஊரும் ஒரு பொருளைக் கொடுத்ததால்தான் அது பாதையானது. கொடுத்த ஊருக்கு அந்தப் பாதையில் உரிமை உண்டு, பெருமை உண்டு, அடுத்த ஆண்டும் கொடுத்தாக வேண்டிய கடமையும் உண்டு. வேடிக்கை பார்த்த ஊருக்கு அது வெறும் ஊர்வலம். கும்பகோணத்தைச் சுற்றியும் சாக்கோட்டை, தாராசுரம், திருவலஞ்சுழி, சுவாமிமலை, கொட்டையூர், மேலக்காவேரி என்று ஓர் ஏழூர் வட்டம் இருக்கிறது. ஒருமுறை போய் நடந்து பாருங்கள். உங்கள் ஐந்தில் எந்த ஊர் தென்னங்கீற்று முடையும், எது நாகசுரம் வாசிக்கும், எந்த ஊரில் நல்ல மண் கிடைக்கும்? இந்தப் பட்டியலோடு வாருங்கள், மேலே பேசலாம்.

ஐந்து கோயில்களையும் இணைக்கிற மாதிரி ஒரு தலபுராணம் எழுதிக்கொள்ளலாமா? கதை இருந்தால்தானே கூட்டம் வரும்?
– அதே வாசகரின் நண்பர்

எழுத வேண்டாம். தேடுங்கள்.

நேற்று எழுதியதைப் புராதனம் என்று சொன்னால் பாதையின் முதல் அடியே பொய்யாகிவிடும். தாமிரபரணிக் கரையின் நவகயிலாயத்துக்கு ஒரு கதை உண்டு. அகத்தியரின் சீடர் உரோமச முனிவர் ஒன்பது தாமரைப் பூக்களை ஆற்றில் விட்டார்; பூ ஒதுங்கிய இடத்திலெல்லாம் ஒரு சிவாலயம். பாபநாசத்தில் தொடங்கி, கடைசிப் பூ சேர்ந்த இடம் சேர்ந்தபூமங்கலம். அந்தக் கதை ஆற்றின் போக்கிலேயே பிறந்ததால் ஊர்ப்பெயரில் ஒட்டிக்கொண்டுவிட்டது. உங்கள் ஊர்களிலும் ஒரு வாய்க்காலோ ஏரியோ ஐந்தையும் தொட்டுப் போகும். யார் வெட்டினார்கள், யார் கரை காத்தார்கள், எந்தப் பஞ்சத்தில் எந்த ஊர் எந்த ஊருக்குச் சோறு போட்டது என்று எழுபது வயதுக்கு மேற்பட்ட பாட்டிமார்களிடம் கேளுங்கள். அவர்கள் சொல்வதே போதும். அப்படியும் கதை கிடைக்காவிட்டால், ‘இந்தப் பாதையை இந்த ஆண்டு நாங்கள் தொடங்கினோம்’ என்று நேராகச் சொல்லுங்கள். எல்லாப் பழைய திருவிழாவுக்கும் ஒரு முதல் ஆண்டு இருந்தது.

‘எல்லாரும் பங்கேற்கும் கலை’ என்று நீங்கள் முன்பு எழுதியதைப் படித்து, எங்கள் குழு கோலப்போட்டி அறிவித்துவிட்டது. முதல் பரிசு கிரைண்டர். சரிதானே?
– மணப்பாறை ஆசிரியை

போட்டியை இந்த ஆண்டோடு நிறுத்திவிடுங்கள், அம்மா. ஒருத்தர் கிரைண்டரோடு வீட்டுக்குப் போவார், நாற்பது பேர் மனத்தாங்கலோடு போவார்கள்.

கோலத்தின் அழகே, ஒரு கை விட்ட இடத்தில் இன்னொரு கை தொடரலாம் என்பது. தெருமுனையில் முதல் வீட்டுக்காரர் புள்ளி வைக்கட்டும். அடுத்த வீடு அந்தக் கடைசிப் புள்ளியிலிருந்து தன் வரிசையைத் தொடங்கட்டும். கம்பி எங்கும் அறக்கூடாது. விதி அது ஒன்றுதான். தெரு முடியும்போது கோயில் வாசல் வந்திருக்க வேண்டும். இரண்டு வருடமாகப் பேசாத அண்டை வீட்டார் இருப்பார்கள். இவர் புள்ளி எங்கே முடிகிறது என்று அவர் எட்டிப் பார்த்தே ஆக வேண்டும். கோலம் போடவே தெரியாத மருமகள் செம்மண் காவி இடலாம், பிள்ளைகள் பூசணிப்பூ வைக்கலாம். பச்சரிசி மாவாக இருந்தால் எறும்புக்கும் அதில் பங்கு உண்டு.

கிரைண்டரை வாங்கியாகிவிட்டதென்றால் அன்னதானத்துக்கு மாவு அரைக்க வைத்துக்கொள்ளுங்கள்.

ஐயனார் கோயிலுக்குக் குதிரை வைக்க வேண்டும் என்கிறார்கள். சிமென்டில் அச்சு வார்த்து வாங்கினால் செலவு குறைவு, உடையவும் உடையாது. மண்குதிரைதான் வேண்டும் என்று பெரியவர்கள் பிடிவாதம் பிடிப்பது ஏன்?
– சிவகங்கைச் சீமை இளைஞர்

பெரியவர்கள் பக்கம்தான் நான். உடைய வேண்டும் என்பதற்காகத்தானே அதை மண்ணில் செய்கிறோம்.

உங்கள் சீமையில் புரவி எடுப்பு நடக்கிற முறையை ஒருமுறை மனதில் ஓட்டிப் பாருங்கள். ஊர்ப் பெரியவர்கள் கூடி, மண் வனைகிற வேளாரிடம் பிடிமண் கொடுக்கிறார்கள். ஒரு கைப்பிடி மண்தான். ஆனால் அதைக் கொடுத்த பிறகே வேளார் வேலையைத் தொடங்குவார். தான் மிதித்துப் பிசைகிற மண்ணில் அந்தக் கைப்பிடியையும் கலப்பார். ஊரின் மண் உள்ளே போய்விட்டது. இனி அது ஊர்க்குதிரை. மணலும் உமியும் வைக்கோலும் சேர்த்து, கால் தனியாக, உடல் தனியாக, தலை தனியாக வனைந்து, காயவைத்துச் சூளை போட்டு எடுக்கிறார். எத்தனை நாள் வேலை! நேர்த்திக்கடன் உள்ளவர்கள் அவரிடமே சின்னச் சின்ன உருவங்கள் சொல்லிவைக்கிறார்கள். பிள்ளை பிறந்த வீடு பிள்ளைப் பொம்மை கேட்கும், மாடு பிழைத்த வீடு மாடு கேட்கும். கால்வலி தீர்ந்தவர் ஒரு களிமண் காலைக் கேட்பார். திருவிழா அன்று குதிரைப் பொட்டலில் எல்லாம் வரிசையாக நிற்கும். கண் திறந்து, மாலை போட்டு, ஆட்கள் தோளில் தூக்கிக்கொண்டு கண்மாய்க்கரை வழியாகவும் வரப்பு வழியாகவும் ஐயனார் கோயிலுக்குப் போகிறார்கள். வனைகிற வேளார்தான் பல ஊர்களில் அந்தக் கோயிலின் பூசாரியும். மண்ணைக் கொடுத்தவர், வனைந்தவர், வேண்டிக்கொண்டவர், சுமந்தவர் என்று பிரித்துப் பார்த்தால் அந்தக் குதிரையில் கை வைக்காத வீடே இருக்காது.

புதுக்கோட்டைக்குப் பக்கத்தில் நமணசமுத்திரம் ஐயனார் கோயிலுக்குப் போயிருக்கிறீர்களா? வழியின் இரு பக்கமும் குதிரைகள். புதியவை நிமிர்ந்து நிற்கும். பழையவை கால் இற்று, முகம் கரைந்து, மழையில் மறுபடி மண்ணாகிக்கொண்டிருக்கும். யாரும் அவற்றை அப்புறப்படுத்துவதில்லை. அவை போகப் போகத்தான் புதிய குதிரை வைக்க வேண்டியிருக்கிறது. வேளாருக்கு வேலை இருக்கிறது. அவர் மகனுக்குக் கை பழகுகிறது. சிமென்ட் குதிரையை ஒருமுறை வாங்கிவிட்டால் ஐம்பது வருடத்துக்கு ஊர் கூடத் தேவையில்லை. நீங்கள் சேமிக்க நினைக்கிற பணம் வேளார் வீட்டு அடுப்பில் எரியவேண்டிய பணம். அதை மறந்துவிடாதீர்கள்.

எந்த மாதம் நல்லது?
– விருதுநகர் வாசகர்

நடப்பவரின் உள்ளங்காலைக் கேளுங்கள். தை, மாசி நல்லது. சித்திரையிலும் வைகாசியிலும் நடந்தே தீர வேண்டும் என்றால் விடியலுக்கு முன் கிளம்பி, காலை ஒன்பதுக்கு மேல் நிழலில் உட்கார்ந்துவிடுங்கள். தார்ச்சாலையை விட்டு வரப்பு வழி, ஆற்று வழி தேடுங்கள். சப்தஸ்தானப் பல்லக்கு காவிரியைக் கடக்கிறது. மேட்டூர் அணை ஜூன் 12-ல் திறப்பது மரபு; அதற்கு முந்திய சித்திரையில் ஆறு மணலாகக் கிடக்கும். பழைய பாதைகளைப் போட்டவர்கள் ஆற்றின் பஞ்சாங்கத்தையும் பார்த்திருக்கிறார்கள்.

நான் சாமி கும்பிடாதவன். என் ஊரில் இப்படி ஒரு பாதை வந்தால் நான் எங்கே நிற்பது?
– ஈரோடு வாசகர்

தண்ணீர்ப்பந்தலில். பானகம் கொடுக்கிற கை கும்பிட்ட கையா என்று குடிப்பவர் யாரும் கேட்கப்போவதில்லை. உங்கள் ஊருக்கு நீங்கள் வேண்டும், வந்துவிடுங்கள்.

சிவன் கோயில் மூன்று, பெருமாள் கோயில் ஒன்று, நடுவில் ஒரு தர்கா. எல்லாவற்றையும் ஒரே பாதையில் கோத்தால் வம்பு வருமா?
– நாகை மாவட்ட வாசகி

குமரி மாவட்டத்துச் சிவாலய ஓட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மகா சிவராத்திரியை ஒட்டி, திருமலையில் தொடங்கித் திருநட்டாலத்தில் முடிகிற பன்னிரண்டு சிவாலயங்கள். காவி உடுத்து, கையில் விசிறியோடு இரவு பகலாக ஓடுகிறார்கள். வழி நெடுக அவர்கள் வாயில் வருவது ‘கோவிந்தா… கோபாலா…’ சிவனைப் பார்க்க ஓடுகிறவர் திருமாலைக் கூப்பிட்டுக்கொண்டே போகிறார். கேட்டுக்கொண்டு நிற்கிற சிவன் ஒருநாளும் கோபித்ததாகத் தகவல் இல்லை.

தர்காவைப் பொறுத்தவரை, நீங்கள் நாகூருக்குப் பக்கத்தில் இருக்கிறீர்கள். கந்தூரிக்கு நாகப்பட்டினத்திலிருந்து கொடி ஊர்வலம் போவதைத் தெருவில் நின்று பார்த்து வளர்ந்திருப்பீர்கள். ஆகஸ்ட் கடைசியில் வேளாங்கண்ணிக்குக் காவி உடுத்தி நடந்து போகிறவர்களுக்கு உங்கள் ஊர் தண்ணீர் கொடுத்திருக்கும். கோக்கலாமா என்பதை உங்கள் குழுவே தீர்மானித்துவிட்டுத் தர்காவினருக்குச் சொல்லி அனுப்பாதீர்கள். தர்காவுக்கு நேரில் போய் உட்காருங்கள். ‘எங்கள் பாதை உங்கள் வாசலைத் தாண்டிப் போகிறது, நின்று போகட்டுமா?’ என்று கேளுங்கள். அவர்கள் சரி என்றால் நில்லுங்கள். தயங்கினால் வணங்கிவிட்டு நடங்கள்.

எங்கள் தெருவுக்குள் சாமி ஒருநாளும் வந்ததில்லை. தேர் முக்கோடு திரும்பிவிடும். இந்தப் புதுப்பாதையாவது எங்கள் தெருவுக்குள் வருமா, இல்லை நாங்கள் பறை அடிக்க மட்டும் வர வேண்டுமா?
– பெயர், ஊர் வேண்டாம் என்று எழுதியவர்

இந்த வாரம் வந்த கடிதங்களில் உங்களுடையதைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

வர வேண்டும். வராவிட்டால் அது பாதை இல்லை. பழைய பாதைகளில் முன்னோர் போட்ட கோடு என்று சாக்குச் சொல்ல முடிந்தது. சிவகங்கை மாவட்டம் கண்டதேவியில் ஒரு தேர்வடத்தைத் தொடுகிற உரிமைக்காக மக்கள் நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது. புதிதாகப் போடுகிற பாதைக்கு அந்தச் சாக்குக் கிடையாது. வரைபடத்தில் பென்சில் பிடித்திருப்பவர் இன்று உயிரோடிருக்கிற நாம்தான். எந்தத் தெருவைத் தவிர்த்தாலும் தெரிந்தே தவிர்த்தோம் என்றுதான் அர்த்தம்.

பாதை போடுகிற எல்லாக் குழுக்களுக்கும் சொல்கிறேன். முதல் கூட்டத்தை அந்தத் தெருவில் வையுங்கள். பாதை அங்கிருந்தே கிளம்பட்டும். பறை வாசிப்பவர் கலைஞர். அவருக்கு முன்னிலையும் உரிய கூலியும் கொடுங்கள். அவர் வீட்டுப் பெண்கள் கோலத்தின் முதல் புள்ளியை வைக்கட்டும். பல்லக்கின் தண்டு அவர் பிள்ளைகள் தோளிலும் ஏறட்டும். ‘ஊர் ஒத்துக்கொள்ளாது’ என்று ஒரு பெரியவர் சொல்வார். பூந்துருத்தியில் நடந்ததை அவருக்குச் சொல்லுங்கள். வயது முதிர்ந்த அப்பர், சம்பந்தரின் சிவிகையைக் கூட்டத்தோடு கூட்டமாகத் தோளில் சுமந்து வந்தார். அப்பர் எங்கே என்று சம்பந்தர் கேட்டபோது, உம்மைச் சுமந்துகொண்டு இங்கே இருக்கிறேன் என்றார். பெரியபுராணம் சொல்கிற நிகழ்ச்சி இது. பல்லக்குத் தண்டுக்குத் தோள் கொடுப்பதைவிடப் பெரிய பதவியை அப்பர் தேடவில்லை.

கோயில் கோயிலாகப் போகிற வழியெல்லாம் சீமைக்கருவேல முள், பாலித்தீன் குப்பை. யாரிடம் மனு கொடுப்பது?
– இராமநாதபுரம் வாசகர்

மனுவும் கொடுங்கள். ஆனால் பதில் வருவதற்குள் இரண்டு ஞாயிற்றுக்கிழமை வரும். அப்பரைப் பற்றியே இன்னொரு சேதி: அவர் படத்தை எங்கே பார்த்தாலும் கையில் உழவாரம் இருக்கும். பதிகம் பாடிய வாய்க்குச் சமமாக, கோயில் முற்றத்தில் புல் செதுக்கிய கை. உங்கள் பாதையின் முதல் கலைப்பொருள் மண்வெட்டிதான். முள் வெட்டிய இடத்தில் பத்தடிக்கு ஒரு வேம்போ புங்கனோ நட்டு, ஆளுக்கொரு கன்று என்று பிள்ளைகளுக்குப் பிரித்துக்கொடுங்கள். அடுத்த ஆண்டு அந்தப் பிள்ளைகள் சாமியைவிடத் தங்கள் மரத்தைப் பார்க்க ஓடி வருவார்கள். அதுவும் தரிசனம்தான்.

பெண்களுக்கு என்று இதில் என்ன இருக்கிறது? சமையல் தவிர?
– மதுரை கல்லூரி மாணவி

முளைப்பாரி இருக்கிறது, மகளே. நானறிந்து பெண்களே தொடங்கி, பெண்களே காத்து, பெண்களே கரைக்கிற திருவிழா அது. முத்து பரப்புகிற நாளில் ஓட்டிலோ பானையிலோ வைக்கோலும் எருவும் இட்டு நவதானியம் தூவி, வெளிச்சம் படாத ஓர் அறையில் வைக்கிறார்கள். அந்த அறைக்குள் போகிறவர் குளித்துவிட்டுத்தான் போவார். மாலையானால் சுற்றி நின்று கும்மி. பத்து நாளில் இளம்பச்சையும் மஞ்சளுமாக முளை எழும்பி நிற்கும். தலையில் சுமந்து ஊர்வலமாகப் போய்க் குளத்தில் கரைக்கிறார்கள். விதைப்புக்கு முன் விதையின் தரம் பார்க்கிற பழைய முறையே இப்படி வழிபாடாயிற்று என்று சொல்கிற விவசாயிகள் உண்டு.

பாதையில் ஐந்து ஊர் என்றால், ஒவ்வோர் ஊர்ப் பெண்களும் பக்கத்து ஊர் விதையை வாங்கி வளர்க்கட்டும். உன் ஊர்க் கம்பு என் வீட்டு இருட்டறையில் முளைக்கும். பாட்டுகளை இப்போதே எழுதிவைத்துக்கொள். கும்மி அடிக்கிற கூட்டத்தில் முழுப் பாட்டும் தெரிந்தவர்கள் எல்லா ஊரிலும் ஓரிருவர்தான் மிஞ்சியிருக்கிறார்கள். படித்த பெண் நீ செய்யவேண்டிய அவசர வேலை இது.

வெளிநாட்டில் யாராவது இந்தக் காலத்தில் இப்படிப் பாதையை மீட்டிருக்கிறார்களா?
– சென்னை வாசகர்

ஸ்பெயினில் ஒரு கிராமத்துப் பாதிரியார் மீட்டார். சந்தியாகோ நகரத்தில் இருக்கிற புனித யாக்கோபு கல்லறைக்குப் போகும் நடைவழி இடைக்காலத்தில் புகழோடு இருந்து, பிறகு தேய்ந்துபோனது. ஓ செப்ரெய்ரோ என்ற மலைக்கிராமத்தின் பங்குத்தந்தை எலியாஸ் வாலிஞா, 1980களில், சாலைக்குக் கோடு போட வைத்திருந்த மஞ்சள் பெயின்ட்டை வாங்கிக்கொண்டு கிளம்பினார். வழி தப்புகிற திருப்பத்திலெல்லாம் மரத்திலும் கல்லிலும் ஓர் அம்புக்குறி வரைந்தார். இன்று ஆண்டுதோறும் லட்சக்கணக்கானவர்கள் அந்த மஞ்சள் அம்பைப் பார்த்துத்தான் நடக்கிறார்கள்.

ஜப்பானின் ஷிகோகு தீவில் எண்பத்தெட்டு ஆலயங்களைச் சுற்றுகிற பாதை ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர். ஒவ்வோர் ஆலயத்திலும் யாத்திரிகரின் ஏட்டில் தூரிகையால் எழுதிச் செந்நிற முத்திரை வைத்துக் கொடுக்கிறார்கள். அவ்வளவு தூரம் போக முடியாதவர்களுக்காக ஜப்பான் முழுக்கச் சிறு எண்பத்தெட்டுகளை ஊர்க்காரர்களே உண்டாக்கியிருக்கிறார்கள்.

நமக்கு இதிலிருந்து எடுத்துக்கொள்ள இருப்பது ஒன்று: பிளெக்ஸ் வேண்டாம். சுண்ணாம்பும் காவியும் கரைத்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை விட்டுத் திருப்பத்துக்குத் திருப்பம் ஒரு வேலோ, பாதமோ, பூவோ வரையச் சொல்லுங்கள். மழையில் அழிந்தால் அடுத்த ஆண்டுப் பிள்ளைகள் வரைவார்கள்.

ஒரு தொழிலதிபர் மொத்தச் செலவையும் ஏற்கிறேன் என்கிறார். நுழைவு வளைவில் பெயர் மட்டும் போட வேண்டுமாம். வாங்கலாமா?
– நாமக்கல் வாசகர்

மொத்தமாக வாங்காதீர்கள். மண்டகப்படி என்ற ஏற்பாடு நம்மிடம் எதற்காக இருக்கிறது? ஒருநாள் இவர், மறுநாள் அவர் என்று பிரித்து, சாமியை உபசரிக்கிற பெருமை ஒருவரிடமே தேங்காமல் பார்த்துக்கொண்டார்கள். அவருக்கும் ஒரு மண்டகப்படி கொடுங்கள். பூ விற்கிற அம்மாவுக்கும் ஒன்று. மொத்தச் செலவை ஒருவர் ஏற்ற விழாவில் மற்றவர்கள் விருந்தாளிகள். அவர் அடுத்த ஆண்டு வராவிட்டால் விழாவும் வராது. ஓர் ஊரில் அப்படி நின்றுபோனதை நான் கண்ணால் பார்த்தேன். வளைவு மட்டும் இன்னும் நிற்கிறது.

என் அம்மாவுக்கு எண்பத்தொன்று. முட்டிவலி. பாதை பற்றிப் பேச்செடுத்தாலே ‘நான் எங்கே நடக்கப்போறேன்’ என்று கண் கலங்குகிறாள்.
– திருச்சி வாசகி

அம்மா கையில் கொஞ்சம் பஞ்சு கொடுங்கள். ஐந்து கோயில் விளக்குகளுக்கும் அவர்கள் திரி திரிக்கட்டும். திண்ணையில் உட்கார்ந்தபடி ஒரு நாளைக்கு இருபது திரி. யாத்திரை கிளம்புகிற அன்று அந்தத் திரிகளை ஒரு பேரப்பிள்ளை சுமந்து போய், ஒவ்வொரு சன்னிதியிலும் அவர்கள் பெயர் சொல்லி ஏற்றட்டும். ஐந்து கோயிலிலும் அம்மா எரிவார்கள், வெளிச்சமாக. இதைப்போல வீட்டோடு இருக்கிற முதியவர்கள் எல்லார் பெயரையும் எழுதி, யாருக்கு என்ன வேலை என்று முதலில் தீர்மானியுங்கள். நடக்கிறவர்கள் பட்டியல் பிறகு.

முதல் ஆண்டு எத்தனை பேர் வந்தால் வெற்றி என்று சொல்லலாம்?
– மறுபடியும் பட்டுக்கோட்டை வட்டார வாசகர்

தலையை எண்ணாதீர்கள். ஐந்து ஊரிலிருந்தும் ஐந்து பொருள் வந்ததா என்று பாருங்கள். கீற்று, மாலை, மண்விளக்கு, முளைப்பாரி, சோறு எல்லாம் வந்துவிட்டால் நடந்தவர்கள் இருபது பேரானாலும் பாதை விழுந்துவிட்டது. ஓர் ஊர்ப் பொருள் வராமல் இரண்டாயிரம் பேர் நடந்திருந்தால், அந்த ஊருக்குப் போய் என்ன மனக்குறை என்று கேட்டுவிட்டு வாருங்கள்.

அதற்கு முன் ஒரு வேண்டுகோள். வருகிற சித்திரை விசாகத்துக்கு உங்கள் குழு முழுவதும் திருவையாற்றுக்கு வாருங்கள். முதல் நாள் விடியலில் பல்லக்குகளோடு கிளம்பி ஆற்று மணலில் நடங்கள். மறுநாள் ஏழூர்ப் பல்லக்குகளும் திருவையாற்றுக்கு வந்து சேர்ந்ததும், ஒரு பொம்மை ஒவ்வொரு பல்லக்குக்கும் பூப்போடும். அதைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பி வேலையைத் தொடங்குங்கள்.